தராசுக்கு முத்திரை உண்டு, வேகக் கருவிக்கு?

நம் கடைகளில் உள்ள எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்கிறோம். கட்டணம் கட்டி, சான்றிதழ் வாங்கி, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்கிறோம். தேதி தவறினால் வழக்கு வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அளந்து கொடுப்பவன் சொல்லை மற்றவர் நம்ப வேண்டுமானால், அளக்கும் கருவியை வேறொருவர் சோதித்திருக்க வேண்டும். அது நியாயம்.

அப்படியானால் சாலையோரம் நின்று நம் சரக்கு வண்டிகளின் வேகத்தை அளக்கிறார்களே, அந்தக் கருவிக்கும் இதே நியாயம் உண்டா என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். உண்டு என்பதே பதில். வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளும் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை சட்டமுறை எடையளவு விதிகளில் சேர்த்துள்ளது. 2025 ஜூலை 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. நம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் எந்தச் சட்டமோ அதே சட்டம்தான் ஸ்பீடு கன் என்று சொல்லப்படும் கருவிக்கும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

வேகக் கட்டுப்பாடு வேண்டாம் என்கிறோமா?

இல்லவே இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள் என்று அதே கணக்கு சொல்கிறது.

கணியூர் போன்ற பேரூராட்சியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் அதே சாலையில்தான் பனியன் கம்பெனி வேன்களும் லோடு லாரிகளும் போகின்றன. கடைவீதியைத் தாண்டும்போதுகூட வேகம் குறைக்காத வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். நம் வாசலில் நின்று சாமான் வாங்குபவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த மாதமும் வாங்க வருவார். ஆகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் காவலருக்கு வணிகர்கள் துணை நிற்க வேண்டும். எதிராக நிற்கக் கூடாது. நம் கேள்வி வேறு. அபராதம் விபத்தைக் குறைப்பதற்கா, கஜானாவை நிரப்புவதற்கா? இந்த இரண்டில் எது முதலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு வேக வரம்பைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அங்கே உரிய பலகை வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பலகை வைக்காமல், அல்லது புளியமரக் கிளை மறைக்கும் இடத்தில் பலகையை வைத்துவிட்டு, அடுத்த வளைவில் நின்று வண்டிகளை மறிப்பது சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது.

183-ஆம் பிரிவு தண்டனையைச் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இலகுரக வண்டிகளுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. நம் ஊரில் குட்டியானை என்று சொல்லும் சின்ன வண்டி இலகுரகத்தில் சேரும். அதே பிரிவில் முக்கியமான பாதுகாப்பு ஒன்றும் இருக்கிறது. "வண்டி வேகமாக வந்ததுபோல் எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்து ஒரு கருவியால் அளந்ததன் அடிப்படையில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து எடை சொல்லும் வியாபாரியை எந்த வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார்? சட்டமும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கேமரா வைத்துப் பிடிப்பதற்கும் விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கேமரா, வேகம் அளக்கும் கருவி ஆகியவற்றுக்கு மாநில அரசு குறிப்பிடும் அதிகாரியின் சான்று வேண்டும். அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உள்ள பகுதி வருவதற்கு முன்பே எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அந்த விதி சொன்னது. ஒளிந்திருந்து பிடிப்பது அதன் நோக்கம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. பலகையைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டால் அபராதம் வராமல் போகலாம். ஆனால் விபத்தும் வராமல் போகும். சட்டத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அபராதத்தை நம்பி நடந்த ஊர்கள்

அபராதம் வருமானமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல பாடங்கள் உள்ளன. அங்கே சிறிய ஊர்களுக்கும் சொந்தப் போலீஸ் உண்டு. பல மாநிலங்களில் சொந்த நீதிமன்றமும் உண்டு. அபராதப் பணத்தின் பெரும்பகுதி அந்த ஊர்க் கணக்கிலேயே சேரும்.

ஓஹியோ மாநிலத்தில் மன்ரோவில் என்று ஒரு சிற்றூர். அங்கே மேயரே நீதிபதியாக இருந்து போக்குவரத்து வழக்குகளை விசாரித்தார். 1964-ஆம் ஆண்டில் ஊரின் மொத்த வருமானம் சுமார் 46,000 டாலர். அதில் சுமார் 23,500 டாலர் மேயர் நீதிமன்றத்தில் வசூலானது. ஊர்க் கஜானாவை நிரப்ப வேண்டிய பொறுப்பில் இருப்பவரே நீதிபதியாகவும் இருந்தால் நடுநிலை எங்கிருந்து வரும் என்று கேட்டு, 1972-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மிசௌரி மாநிலத்தில் மாக்ஸ் கிரீக் என்ற மிகச் சிறிய ஊர் நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைப் பிடித்தே காலம் தள்ளியது. அந்த ஊர் பெயரிலேயே 1995-இல் ஒரு சட்டம் வந்தது. ஓர் ஊரின் வருமானத்தில் போக்குவரத்து அபராதம் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த மிகுதி ஊருக்கு இல்லை என்றது அந்தச் சட்டம். இந்த வரம்பை 2015-இல் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். புளோரிடா மாநிலத்தின் வால்டோ என்ற ஊரிலும் இதே கதை. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரத்துக்குள் வேக வரம்பு பலமுறை மாறும். மேலிடம் தங்களுக்கு எண்ணிக்கை நிர்ணயிப்பதாக அந்த ஊர்ப் போலீஸாரே புகார் சொன்னார்கள். 2014-இல் அந்த ஊர்ப் போலீஸ் துறையே கலைக்கப்பட்டது. மறு ஆண்டு, அபராத எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது.

இதையெல்லாம் எழுதுவது அயல்நாட்டுக் கதை சொல்வதற்காக இல்லை. இந்த மாநிலங்களெல்லாம் கண்டுகொண்ட உண்மை ஒன்றுதான். அளப்பவருக்கு அபராதத்தில் ஆதாயம் இருந்தால் அளவு கெட்டுப் போகும். கமிஷன் மண்டியில் எடை போடுபவனுக்கே கழிவில் பங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம் மாநிலத்தில் நிலைமை என்ன?

நியாயமாகப் பேச வேண்டும். நம் நாட்டில் ஏற்பாடு வேறு. காவல் நிலையம் வசூலிக்கும் போக்குவரத்து அபராதம் அந்த நிலையத்துக்கோ பேரூராட்சிக்கோ சேருவதில்லை. மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு, எந்த அதிகாரி வசூலிக்கலாம் என்பதை 200-ஆம் பிரிவின்படி மாநில அரசு அறிவிக்கிறது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆகவே மாக்ஸ் கிரீக் போல ஓர் ஊர் நிர்வாகமே அபராதத்தில் சாப்பிடும் நிலை இங்கே கிடையாது.

ஆனால் எண்ணிக்கை என்ற வியாதிக்குப் பணம் நேரே கைக்கு வர வேண்டும் என்பதில்லை. "மாதக் கடைசி, பார்த்துப் போ" என்று ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். விபத்துக்கு மாதக் கடைசி கிடையாதே! சாலையில் போகும் சாதாரண மனிதன் மனதில் இப்படி ஒரு எண்ணம் பதிந்துவிட்டது என்பதே அரசு கவலைப்பட வேண்டிய விஷயம்.

2023-இல் சென்னையில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். அந்த ஆண்டு ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் காவல் துறை வேக ரேடார் கருவிகளை அறிமுகப்படுத்தி, பகலில் 40 கிலோமீட்டர், இரவில் 50 கிலோமீட்டர் என்று அறிவித்தது. பொதுமக்களிடம் பெரும் எதிர்ப்பு எழுந்தது. உடனே வழக்குப் போடும் எண்ணம் இல்லை, ஆய்வு செய்து முடிவெடுப்போம் என்று காவல் துறை விளக்கியது. நவம்பரில் புதிய வரம்பு வந்தது: இலகுரக வண்டிக்கு 60, கனரக வண்டிக்கும் இரு சக்கர வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. ஒரே சாலை, ஒரே வண்டி; ஜூனில் 40 என்றால் குற்றம், நவம்பரில் 60 வரை குற்றமில்லை. வரம்பை ஆராய்ந்து வைத்த பிறகே கருவியைக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். மக்கள் பேச்சைக் கேட்டு மாற்றிக்கொண்டதற்காகக் காவல் துறையைப் பாராட்டவும் வேண்டும்.

உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர், மூணாறுக்குச் சரக்கு அனுப்பும் உறுப்பினர்களுக்குக் கேரளத்து அனுபவமும் உண்டு. அங்கே 2023 ஜூன் 5 முதல் மாநிலம் முழுவதும் கேமராக்கள் மூலம் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். மலை இறங்கி வந்து சில நாள் கழித்துச் செல்போனில் செய்தி வரும்போதுதான் அபராதம் என்பதே தெரியும். வண்டிப் பதிவில் பழைய போன் நம்பர் இருந்தால் அதுவும் தெரியாது.

பணம் சாலைக்குத் திரும்ப வேண்டும்

இந்த விஷயத்தில் நம் கொங்கு நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். விபத்தில் நொறுங்கி வருபவர்களுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர், விபத்தே நடக்காமல் இருக்க நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி தந்த தீர்ப்பில், ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்பு நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும், அபராதத்தில் ஒரு பங்கு அதில் சேர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

நமக்கு இதுவே பிடிமானம். அபராதமாகக் கட்டிய பணம் வேகத்தடைக்கு வெள்ளை வர்ணமாகவும், பள்ளிக்கூடம் முன்பு பலகையாகவும், இருட்டான முக்கில் விளக்காகவும் திரும்பி வர வேண்டும். கட்டிய பணம் எங்கே போனது என்று தெரிந்தால் கட்டுபவனுக்கு மனக்கசப்பு இருக்காது. வரவு எழுதிய பேரேட்டில் செலவுப் பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா?

சாலையைச் சரியாக வைக்காதவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை அமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ காண்டிராக்டருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். 210பி பிரிவின்படி, சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அச்சட்டத்தை மீறினால் இரு மடங்கு அபராதம். டிரைவருக்கு மட்டும்தான் சட்டம் என்று நினைக்க வேண்டாம்.

முதலாளிக்கும் பொறுப்பு உண்டு

இப்போது நம் பக்கம் பார்ப்போம். கிலோவுக்கு 1 ரூபாய் நிற்கும் சர்க்கரையில் 1,000 ரூபாய் அபராதத்தை ஈடுகட்ட 20 மூட்டை விற்க வேண்டும். நமக்கே இப்படி என்றால், நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவருக்கு அது இரண்டு நாள் சம்பளம். நம் கடைக்கு விருதுநகர் லோடு கொண்டுவந்த டிரைவர் ஒருவர், வழியில் ஓரிடத்தில் அபராதம் கட்டிய ரசீதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். லாரி உரிமையாளரிடம் காட்டினால் சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம். அவர் ஏன் வேகமாக வந்தார்? இறக்குகூலி ஆட்கள் பொழுது சாயும் முன் போய்விடுவார்கள், அதற்குள் வந்து சேர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

183-ஆம் பிரிவில் இதற்கும் வாசகம் இருக்கிறது. தன்னிடம் வேலை செய்பவரை வேக வரம்பை மீறி ஓட்டச் செய்பவரும் அதே தண்டனைக்கு உரியவர். அது மட்டும் இல்லை. இத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று உத்தரவு போட்டு, வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் வந்து சேரவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே முதல்நோக்குச் சாட்சியம் ஆகிவிடும். "பத்து மணிக்குள் சரக்கு கடையில் இருக்கணும்" என்று போனில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கனம் இருக்கிறது. ஆகவே நம் அவசரத்தால் வந்த அபராதத்தை டிரைவர் தலையில் கட்டுவது தர்மமும் இல்லை, சட்டத்துக்குப் பொருத்தமும் இல்லை. அவர் சொந்தமாக விளையாட்டுத்தனம் செய்து வாங்கிவந்த அபராதம் வேறு. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

வண்டிப் பதிவில் தற்போதைய போன் நம்பரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றம் முடிந்ததா என்று கவனியுங்கள். மாதம் ஒரு முறை வண்டி நம்பரைப் போட்டு, சலான் நிலுவை உண்டா என்று வீட்டுப் பிள்ளைகளை விட்டாவது பார்க்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் கொடுப்பது அபராதம் அல்ல. அதன் பெயர் வேறு. தவறு நம் பக்கம் இருந்தால் கட்டிவிடுங்கள். இல்லை என்றால் நீதிமன்றத்தில் மறுக்கும் உரிமை உண்டு. அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அளந்த கருவிக்கு முத்திரையும் சான்றும் எந்தத் தேதி வரை என்பதே.

சங்கம் செய்ய வேண்டியவை

நம் பகுதிச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் நான்கு கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்று, உடுமலை, மடத்துக்குளம், கணியூர், தாராபுரம் வழிகளில் வேக வரம்புப் பலகைகளை எண்ணிப் பார்த்து, இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு, வேகச் சோதனை நடத்தும் இடங்களை விபத்துக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூடம், கடைவீதி, ஆபத்தான வளைவு ஆகிய இடங்களே முதலில் வர வேண்டும். மூன்று, எந்தக் காவல் நிலையத்துக்கும் வழக்கு எண்ணிக்கையில் இலக்கு கிடையாது என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நான்கு, மாவட்டத்தில் ஆண்டுக்கு எவ்வளவு அபராதம் வசூலானது, சாலைப் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை வெளியிட வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். கணக்கு வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நிர்வாகி ஒருவர் தம் பெயரில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தில் வரி, உரிமம், ஆன்லைன் வியாபாரம் என்று தீர்மானங்கள் போடுகிறோம். அவற்றோடு இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்த்தால் மாநில அளவில் பேச்சு எழும்.

கோரிக்கை வைப்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே மனுவோடு சேர்த்து நாமும் ஓர் உறுதி கொடுப்போம். நம் சரக்கை ஏற்றி வரும் எந்த டிரைவருக்கும், வேகமாக ஓட்டினால்தான் எட்டக்கூடிய நேரத்தைக் குறிக்க மாட்டோம். கடைவீதிக்குள் 30 கிலோமீட்டருக்கு மேல் வராதே என்று நம் வண்டிக்காரர்களிடம் நாமே சொல்வோம். சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் யாவாரம் கெட்டுவிடாது. இதை எழுதி, எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட்டு மனுவோடு கொடுத்தால், நாம் கேட்கும் கணக்கை இல்லை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் மனம் வராது.